மூல் கணக்கு: எதன் மூல் என்று கேட்டுத் தொடங்குங்கள்

தரம் 10 விஞ்ஞானத்தில் மூல் முதன்முதலாக வரும்போது பல பிள்ளைகளின் மனதில் அது ஒரு பிரித்தல் கணக்காகத்தான் பதிகிறது. திணிவு தந்திருப்பார்கள், மூலர்த் திணிவால் பிரித்தால் விடை வந்துவிடும். அந்த வருடத்துக்கு அது போதும். உயர்தரத்தில் இரசாயனம் எடுத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கரைசல் வருகிறது, வாயு வருகிறது, இரண்டு பொருளைக் கலந்தால் எது மிஞ்சும் என்று கேட்கிறார்கள். எதை எதால் பிரிப்பது என்று தெரியாமல் பிள்ளை திகைத்து நிற்கிறது. பிரிக்க அதற்கு நன்றாகவே தெரியும். எதை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

மூல் என்பது எண்ணிக்கை. இந்த ஒன்று உறுதியாகப் பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் அதிலிருந்தே வரும். அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரங்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறேன்.

ஓர் இரும்புக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட் 30 கிராம், அதற்கான நட் 10 கிராம். உங்களுக்கு நூறு சோடி வேண்டும். கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். போல்டில் 3 கிலோவும் நட்டில் 1 கிலோவும் நிறுத்துத் தருவார். இரண்டிலும் நூறு இருக்கும். இரண்டையும் 3 கிலோ வாங்கினால் நட் முந்நூறு வந்துவிடும், இருநூறு வீண். நிறை சமமாக இருந்தால் எண்ணிக்கை சமமாக இருக்காது. எண்ணிக்கை சமமாக வேண்டுமென்றால், ஒன்றின் நிறை எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில் நிறுக்க வேண்டும்.

அணுக்களிலும் இதையேதான் செய்கிறோம். அணுக்களின் திணிவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் சாரணுத் திணிவு. காபனுக்கு அது 12, ஒட்சிசனுக்கு 16. ஒரு காபன் அணுவையும் ஓர் ஒட்சிசன் அணுவையும் ஒப்பிட்டால் திணிவு 12க்கு 16 என்ற விகிதத்தில் இருக்கும். அப்படியென்றால் 12 கிராம் காபனிலும் 16 கிராம் ஒட்சிசனிலும் அணுக்களின் எண்ணிக்கை சமம். 23 கிராம் சோடியத்திலும் 40 கிராம் கல்சியத்திலும் அதே எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையைத்தான் ஒரு மூல் என்கிறோம்.

அது எவ்வளவு? ஏறத்தாழ 6.022 × 10²³. அவகாதரோ மாறிலி என்று உயர்தர வினாத்தாளின் தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். அவகாதரோ என்ற இத்தாலியர் 1811இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்பதை மட்டும்தான். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பிரான்சைச் சேர்ந்த பெரின் பல வழிகளில் அதை அளந்து, 1909இல் அவகாதரோவின் பெயரைச் சூட்டினார். நீண்டகாலமாக, 12 கிராம் காபன்-12 இல் எத்தனை அணுக்களோ அத்தனை என்பதே மூலின் வரைவிலக்கணமாக இருந்தது. 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது: ஒரு மூல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துணிக்கைகள். வேறு எந்தப் பொருளையும் சார்ந்திராத வெறும் எண்.

தொடக்கத்தில் இருப்பவர்கள் இந்தப் பெரிய எண்ணைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பெரும்பாலான கணக்குகளில் அது வரவே வராது. எத்தனை அணுக்கள், எத்தனை மூலக்கூறுகள் என்று நேரடியாகக் கேட்டால் மட்டும் மூல் எண்ணிக்கையை அதால் பெருக்குங்கள். மற்ற இடங்களிலெல்லாம் மூல் மூலாகவே இருக்கட்டும்.

மூலர்த் திணிவு என்பது ஒரு மூலின் திணிவு. அதன் அலகு மூலுக்குக் கிராம். நீரில் இரண்டு ஐதரசன், ஓர் ஒட்சிசன். 2 + 16, ஆக 18. கல்சியம் காபனேற்றில் ஒரு கல்சியம், ஒரு காபன், மூன்று ஒட்சிசன். 40 + 12 + 48, ஆக 100. உப்பில் 23 + 35.5, ஆக 58.5. இதில் கடினமாக ஒன்றுமில்லை, கூட்டல்தான்.

இனி, தலைப்பில் வைத்த கேள்வி. 8 கிராம் ஒட்சிசனில் எத்தனை மூல்? அரை என்று ஒருவர் சொல்வார், கால் என்று இன்னொருவர் சொல்வார். கேள்வி முழுமையாக இல்லாததால் இருவரையும் பிழை சொல்ல முடியாது. ஒட்சிசன் அணுக்கள் என்றால் 8 ÷ 16 = 0.5 மூல். இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்திருக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகள் என்றால் 8 ÷ 32 = 0.25 மூல். அதேபோல ஒரு மூல் கல்சியம் குளோரைட்டைக் கரைத்தால் ஒரு மூல் கல்சியம் அயனும் இரண்டு மூல் குளோரைட்டு அயனும் கிடைக்கும். ஆகவே கொப்பியில் “0.25 மூல்” என்று வெறுமனே எழுதாதீர்கள். “0.25 மூல் ஒட்சிசன் மூலக்கூறு” என்று எழுதுங்கள். எழுத அரை நிமிடம் கூடத் தேவைப்படாது. பரீட்சையில் இழக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி இந்தப் பெயரை எழுதாததால் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ரியூசன் குறிப்புகளில் ஒரு முக்கோணம் வரைந்து, மேலே திணிவு, கீழே மூலும் மூலர்த் திணிவும் என்று போட்டு, வேண்டியதை விரலால் மறைக்கச் சொல்வார்கள். தொடங்கும்போது அதைப் பழக வேண்டாம் என்றே சொல்வேன். பழகிய கைக்கு அது விடை தரும். ஆனால் மூன்று பொருள்கள் உள்ள கணக்கில் எந்தப் பொருளின் திணிவை எந்தப் பொருளின் மூலர்த் திணிவால் பிரிக்கிறோம் என்பதை முக்கோணம் சொல்லாது. ஒன்றுக்கு இத்தனை கிராம், என்னிடம் இத்தனை கிராம், அப்படியானால் எத்தனை? இப்படி வாயால் சொல்லிப் பார்த்தால் பிரிப்பதா பெருக்குவதா என்பது தானாகத் தெரியும்.

சுண்ணாம்புக்கல்லை வைத்துப் படிப்போம்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மூல் கணக்கைச் சொல்லிக்கொடுக்க சுண்ணாம்புக்கல்லை விட நல்ல பொருள் கிடையாது. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கிணறு வெட்டினால் அதுதான் வருகிறது. 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கியதும் இந்தக் கல்லை நம்பித்தான். கல்லின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. அதை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் நீறாத சுண்ணாம்பாகிய கல்சியம் ஒட்சைட்டாக மாறும், காபனீரொட்சைட்டு வெளியேறும்.

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

சமப்படுத்திய சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று, ஒன்று. சமன்பாடு சொல்வது எண்ணிக்கை விகிதம் மட்டுமே. அதில் கிராம் என்ற பேச்சே இல்லை. 250 கிராம் தூய கல்லைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு மிஞ்சும் என்று கேட்டால், கல்லின் கிராமிலிருந்து சுண்ணாம்பின் கிராமுக்கு நேரே போக வழி இல்லை. கல்லின் கிராமை முதலில் கல்லின் மூலாக மாற்ற வேண்டும். பிறகு சமன்பாட்டைப் பார்த்துச் சுண்ணாம்பின் மூலுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பின் கிராம்.

கல்சியம் காபனேற்று: 250 ÷ 100 = 2.5 மூல்
கல்சியம் ஒட்சைட்டு: 2.5 மூல், 2.5 × 56 = 140 கிராம்
காபனீரொட்சைட்டு: 2.5 மூல், 2.5 × 44 = 110 கிராம்

140 + 110 = 250. போன திணிவு முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. விடை எழுதியதும் இப்படிக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கூட்டுத்தொகை இடித்தால் எங்கோ ஒரு பெயர் மாறிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேயே ஒரு விஷயம் தெரிகிறது. சூளையில் கல்லின் திணிவில் பாதிக்குச் சற்றுக் குறைவு, நூற்றுக்கு 44 பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் போய்விடுகிறது. சீமெந்து உற்பத்தியிலிருந்து இவ்வளவு காபனீரொட்சைட்டு ஏன் வருகிறது என்பதற்கு எரிபொருள் ஒரு காரணம். கல்லுக்குள்ளேயே இருப்பது இன்னொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தின் அளவை நீங்கள் இப்போது ஒரே வரியில் கணக்கிட்டுவிட்டீர்கள்.

அப்புறம் அந்த 140 கிராமுக்கு நீர் விடுகிறோம். கொதித்துப் பொங்கி நீறிய சுண்ணாம்பாகிய கல்சியம் ஐதரொட்சைட்டு வருகிறது. ஒன்றுக்கு ஒன்று என்பதால் 2.5 மூல் நீர் வேண்டும், அதாவது 45 கிராம். கிடைப்பது 2.5 × 74 = 185 கிராம். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாக நீர் விட வேண்டும், ஏனென்றால் வெளிவரும் வெப்பத்தால் நீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். கணக்கு சொல்வது தாக்கத்தில் சேரும் நீரை மட்டும்.

அதைச் சுவருக்கு வெள்ளையடித்தால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெதுவாக உறிஞ்சி மறுபடி கல்சியம் காபனேற்றாகிறது. 2.5 மூல் ஐதரொட்சைட்டு 2.5 மூல் காபனீரொட்சைட்டை, அதாவது 110 கிராமை, எடுத்துக்கொண்டு 250 கிராம் காபனேற்றையும் 45 கிராம் நீரையும் தரும். சூளையில் போன அதே 110 கிராம் சுவரில் திரும்ப வந்துவிட்டது. இந்த மூன்று படிகளையும் தாளைப் பார்க்காமல் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். பத்துப் பயிற்சிக் கணக்குகள் தருவதை இது தரும்.

உண்மையான கல் தூய்மையாக இருக்காது. 250 கிராமில் நூற்றுக்கு 80 பங்குதான் கல்சியம் காபனேற்று என்றால் 200 கிராமை மட்டும் கணக்கில் எடுங்கள்: 2 மூல், 112 கிராம் கல்சியம் ஒட்சைட்டு. ஆனால் சூளையில் மிஞ்சும் திண்மத்தின் முழுத் திணிவைக் கேட்டால், மாசு 50 கிராமும் அப்படியே கிடக்கும் என்று வைத்துக்கொண்டு 162 கிராம் என்று சொல்ல வேண்டும். வினாவில் எது கேட்கப்படுகிறது என்று இரண்டு தடவை வாசியுங்கள்.

வாயுவும் கரைசலும்

வாயுவை நிறுப்பது சிரமம், கனவளவை அளப்பது சுலபம். 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் ஒரு மூல் இலட்சிய வாயு 22.4 லீற்றர் இடத்தை அடைக்கும். பலர் 22.4ஐ மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு எங்கும் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 0 பாகை என்றைக்கும் வராது. நம் 30 பாகையில் அதே ஒரு மூல் ஏறத்தாழ 24.9 லீற்றர். மேலே சொன்ன 2.5 மூல் காபனீரொட்சைட்டு ஆறிய பிறகு 62 லீற்றர் அளவுக்கு வரும். வினாவில் வெப்பநிலையும் அமுக்கமும் தந்திருந்தால் அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கரைசலுக்குச் செறிவு. ஒரு லீற்றர் கரைசலில் எத்தனை மூல் என்பதே செறிவு. லீற்றருக்கு 0.2 மூல் செறிவுள்ள உப்புக் கரைசல் 250 மில்லிலீற்றர் வேண்டுமென்றால், 0.2இன் கால் பங்கு 0.05 மூல், 0.05 × 58.5, ஏறத்தாழ 2.93 கிராம் உப்பு. இதைத் தயாரிக்கும்போது 250 மில்லிலீற்றர் நீரை அளந்து அதற்குள் உப்பைப் போடக் கூடாது. கொஞ்ச நீரில் உப்பைக் கரைத்து, கனவளவுக் கோடு குறித்த கனமானக் குடுவைக்குள் ஊற்றி, பிறகு கோடு வரை நீர் விட வேண்டும். லீற்றர் என்று சொல்வது கரைசலின் லீற்றர், நீரின் லீற்றர் இல்லை. ஆனையிறவு உப்பளத்துக்குள் வரும் கடல்நீரையும் இப்படிப் பார்க்கலாம். சாதாரணக் கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அவை எல்லாவற்றையும் சோடியம் குளோரைட்டு என்றே வைத்துக்கொண்டால் 35 ÷ 58.5, கிட்டத்தட்ட 0.6 மூல்.

எது முதலில் முடியும்?

பிள்ளைகள் அதிகம் பயப்படும் இடம் இது. கேத்திலில் படியும் வெள்ளைப் படிவின் பெரும்பகுதியும் நாம் பார்த்த கல்சியம் காபனேற்றுத்தான். 10 கிராம் தூய கல்சியம் காபனேற்றை எடுத்து, அதன்மேல் லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 150 மில்லிலீற்றர் ஊற்றுகிறோம். ஒரு காபனேற்றுக்கு இரண்டு அமிலம் தேவை. விளைவுகள் கல்சியம் குளோரைட்டு, நீர், காபனீரொட்சைட்டு.

நம்மிடம் உள்ளவை 0.1 மூல் காபனேற்று, 0.15 மூல் அமிலம். 0.1 சிறிய எண் என்பதால் காபனேற்று முதலில் முடியும் என்று அவசரப்பட்டு எழுதிவிடுவார்கள். நிதானமாகக் கேட்போம்: 0.1 மூல் காபனேற்று முழுவதும் தாக்கமுற எவ்வளவு அமிலம் வேண்டும்? 0.2 மூல். இருப்பது 0.15. அமிலம்தான் முதலில் முடிகிறது. அதுவே எல்லைப்படுத்தும் தாக்கி. இனி எல்லாவற்றையும் அமிலத்தை வைத்தே கணக்கிட வேண்டும். 0.15 மூல் அமிலம் 0.075 மூல் காபனேற்றுடன் தாக்கமுற்று 0.075 மூல் காபனீரொட்சைட்டைத் தரும். அது 3.3 கிராம். மிஞ்சும் காபனேற்று 0.025 மூல், 2.5 கிராம்.

எந்த எண் சிறியது என்பதில் ஒன்றுமில்லை. தேவையையும் இருப்பையும் ஒப்பிடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு நடைமுறை விஷயம். நம் பரீட்சைகளில் கணிப்பானுக்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும் தசமத்துக்கு மாற்றிக் கொண்டே போகாதீர்கள். பின்னமாகவே வைத்திருந்து கடைசியில் சுருக்குங்கள். 12 ÷ 14 என்பதை 6/7 என்று வைத்துக்கொண்டால், அடுத்த வரியில் ஏதாவது வெட்டுப்பட வாய்ப்பு உண்டு.

கிணற்று நீர் அறிக்கையில் மூல்

இந்தக் கணக்கு பரீட்சைக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லிவந்திருக்கின்றன. உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் கிளம்பும் நைதரசன் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடுகிறது. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை அதிக நைத்திரேற்று குறைத்துவிடும். குழந்தை நீலம்பாரித்துப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று.

ஒரு நீர் அறிக்கையில் “நைத்திரேற்று நைதரசன், லீற்றருக்கு 12 மில்லிகிராம்” என்று இருக்கிறது என்று வைப்போம். 50ஐ விட 12 எவ்வளவோ குறைவு, பயமில்லை என்று தோன்றும். எதன் திணிவு என்று கேளுங்கள். அந்த 12 மில்லிகிராம், நைத்திரேற்றுக்குள் இருக்கும் நைதரசனின் திணிவு மட்டும். 50 என்பது ஒட்சிசனையும் சேர்த்த முழு நைத்திரேற்றின் திணிவு. ஒரு நைத்திரேற்று அயனில் ஒரு நைதரசன் அணு, மூன்று ஒட்சிசன் அணு; மூலர்த் திணிவு 14 + 48 = 62.

நைதரசன்: 12 ÷ 14 = 6/7 மில்லிமூல் (மில்லிமூல் என்பது மூலின் ஆயிரத்தில் ஒரு பங்கு)
நைத்திரேற்று: 6/7 மில்லிமூல், 6/7 × 62 = ஏறத்தாழ 53 மில்லிகிராம்

எல்லை தாண்டிவிட்டது. அந்த நீரைக் குழந்தைக்குப் பால்மா கரைக்கப் பயன்படுத்தக் கூடாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் செறிவு இன்னும் கூடும்.

கடைசியாக ஒரு கணக்கை உங்களுடன் சேர்ந்து செய்கிறேன். யூரியா மூலக்கூற்றில் ஒரு காபன், ஓர் ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன்; மூலர்த் திணிவு 60. அதில் நைதரசன் 28, அதாவது நூற்றுக்கு 46.7 பங்கு. உரப்பையில் 46 என்று போட்டிருப்பது இதனால்தான். 50 கிலோப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பயிர் எதையும் எடுக்காமல், அது முழுவதும் மண்ணில் நைத்திரேற்றாகி நிலத்தடி நீருக்குள் போனால் என்ன ஆகும்? 23 ÷ 14 × 62, கிட்டத்தட்ட 102 கிலோ நைத்திரேற்று. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று பிரித்தால் ஏறத்தாழ 20 இலட்சம் லீற்றர். நைத்திரேற்றே இல்லாத அவ்வளவு நீரை எல்லைக் கோடு வரை கொண்டுவர ஒரே ஒரு பை போதும். உண்மையில் ஒரு பங்கைப் பயிர் எடுக்கும், இன்னொரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகும். பாதி மட்டும் கீழே இறங்கினால் எத்தனை லீற்றர், கால்வாசி இறங்கினால் எத்தனை லீற்றர் என்று உங்கள் வீட்டுத் தோட்டத்துக்குப் போடும் உரத்தின் அளவை வைத்துச் செய்து பாருங்கள்.